நாற்று நடப் போனவன் அளவுகோல் பிடித்த கதை

எனக்குச் சொந்த ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். அலையாத்திக் காடு எங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. அப்பா வலை கட்டப் போவார், நாங்கள் பின்னாலேயே போய்ச் சேற்றில் உருண்டுவிட்டு வருவோம். அந்தத் திமிரோடுதான் 2016-இல் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குத் தொண்டூழியராகப் பெயர் கொடுத்தேன். (தன்னார்வலரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். முதலில் கேட்டபோது ஏதோ கோயில் கைங்கரியம் என்று நினைத்துக்கொண்டேன்.) சதுப்புநிலக் காடுதானே (அலையாத்திக் காட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), நாற்றைக் கொடுத்தால் நட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

முதல் நாள் யாரும் நாற்றைக் கொடுக்கவில்லை. சென்டிமீட்டர் கோடு போட்ட இரண்டு மீட்டர் பிவிசி குழாய், ஒரு பென்சில், நனைந்தாலும் கிழியாத காகிதம், இவ்வளவுதான் கொடுத்தார்கள். "போய்த் தண்ணீரை அளந்து வாருங்கள்" என்றார்கள். நான் படித்த படிப்புக்குக் குழாய் பிடிக்கிற வேலையா என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

உபின், சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூருக்கும் நடுவே ஜொகூர் நீரிணையில் கிடக்கும் சின்னத் தீவு. 10 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சிங்கப்பூரின் சாங்கி முனையிலிருந்து பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகில் பத்துப் பதினைந்து நிமிடம். தலைக்கு 4 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். 12 பேர் சேர்ந்தால்தான் படகுக்கார அங்கிள் கயிற்றை அவிழ்ப்பார், அவசரமென்றால் மிச்சப் பேர் காசையும் நாமே கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். கருங்கல் பூமி. 1851-இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், பிறகு ஜொகூர்க் கடற்பாலத்துக்கும் இங்கிருந்துதான் கல் போனது. கல்லுடைப்பு 1999-ஓடு நின்றுவிட்டது. வெட்டிய பள்ளங்களில் இப்போது தண்ணீர் நிற்கிறது, கரையில் நாரை நிற்கிறது. கல்லைப் போலவே இன்னொரு தொழிலும் இங்கே வந்து போனது. சதுப்புநிலக் காட்டை வெட்டி, கரை கட்டி, மதகு வைத்து இறால் வளர்த்தார்கள். அதையும் ஒரு நாள் விட்டுவிட்டுப் போனார்கள். குளங்கள் அப்படியே கிடக்கின்றன. நான் அளக்கப் போனது அப்படி ஒரு குளத்தை.

கரை உடைந்து கடல் உள்ளே வந்து போகிறது. சுற்றிலும் நல்ல காடு, விதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் குளத்துக்குள் மட்டும் ஒரு செடி இல்லை. ஏன் என்று கேட்பதற்கு முன்னால் நட ஆரம்பிப்பதுதான் உலகம் முழுக்க நடக்கும் தப்பு. அளந்து பார்த்தால் விஷயம் எளிது. அலையாத்தி வகை மரங்கள் கடலுக்குள் வளர்வதில்லை. கடல் வந்து போகிற இடத்தில்தான் வளர்கின்றன. தோராயமாகச் சொன்னால், சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, கடல் ஏறி வரும் உயர்ந்த ஏற்றத்துக்குக் கீழே இருக்கும் ஒரு ஒல்லியான பட்டைதான் அவற்றின் வீடு. வேர் ஒரு நாளில் சில மணி நேரமாவது காற்று குடிக்க வேண்டும். இறால் குளத்தைத் தோண்டியபோது தரை அந்தப் பட்டைக்குக் கீழே போய்விட்டது. மிதந்து வரும் விதைக்கு ஊன்ற இடமில்லை. நாம் கொண்டுபோய் நட்டாலும் மூழ்கித்தான் சாகும்.

குழாயைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது எனக்குப் பதினொன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. நாட்டு நலப்பணித் திட்ட முகாம். ஊருக்குத் தெற்கே உப்புப் பூத்துக் கிடந்த வெட்டவெளியில் எங்களை வரிசையாக நிற்கவைத்து அலையாத்தி நாற்று நடவைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள், எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். கோடை முடிந்து போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. ஆடு மேய்ந்துவிட்டது என்றார்கள். நாங்களும் நம்பினோம். உண்மையில் அங்கே தரை நடுவில் குழிந்து தொட்டி மாதிரி ஆகியிருந்தது. வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வெயிலில் காய்ந்து, உப்பு ஏறி ஏறி மண்ணே செத்திருந்தது. பிறகு வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் எங்கள் பக்கத்திலும் பிச்சாவரத்திலும் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஏற்றத் தண்ணீர் உள்ளே வந்து, இறக்கத்தில் உப்பை அலசிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வாய்க்கால் ஓரம் வைத்த நாற்றும் பிடித்தது, தண்ணீரோடு வந்த விதையும் பிடித்தது.

எங்கள் ஊரில் தண்ணீர் வெளியேற வழியில்லை. உபினில் தரை தாழ்ந்துபோய்விட்டது. இரண்டு இடத்திலும் மரம் இல்லாததற்குக் காரணம் நாற்று இல்லாதது அல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷமும் ஒரு கடல் பயணமும் ஆகியிருக்கிறது.

உபினில் குளங்களை மீட்கும் இந்த முயற்சி அதிகாரிகள் போட்ட உத்தரவால் தொடங்கவில்லை, ஆர்வலர்களிடமிருந்து கிளம்பியது. பிறகு தீவுவாசிகள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேசியப் பூங்காக் கழகம் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ரீஸ்டோர் உபின் மேங்ரோவ்ஸ் என்பது பெயர், முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ரம். "ஞாயிற்றுக்கிழமை ரம் கூட்டம் இருக்கு, போயிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லி நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை. இங்கே வரிசை தெளிவு. முதலில் தண்ணீரும் தரை உயரமும், அதை எப்படிச் சரிசெய்வது என்பது அடுத்து. விதை தானாக வருகிறதா என்று பார்ப்பதும் காத்திருப்பதும் அதற்குப் பிறகு. ஒன்றுமே வரவில்லை என்றால்தான் நடுவதைப் பற்றிப் பேச்சு.

காத்திருப்பதைத்தான் பலராலும் தாங்க முடியவில்லை. நிறையப் பேர் ஒரு தடவை வந்தார்கள், சேற்றோடு படம் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த மாதம் காணோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாதாமாதம் போய் ஒரே கம்பத்தில் தண்ணீர் எவ்வளவு, தரையில் வைக்கிற ஒரே மீட்டர் சதுரச் சட்டத்துக்குள் எத்தனை முளை, ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு புகைப்படம் என்று எழுதிக்கொண்டு வருவதில் வீட்டில் சொல்லிப் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அந்தப் புகைப்படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, யாராவது இதே வேலையைத் தொடங்குவதாக இருந்தால் முதல் நாளே செய்துவிடுங்கள். அசையாத ஒன்றை, பாறையோ மதகுத் தூணோ, படத்தின் ஓரத்தில் எப்போதும் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் எட்டு மாதம் அப்படிச் செய்யவில்லை. என்னிடம் எட்டு அழகான படங்கள் இருக்கின்றன, எதை எதோடும் ஒப்பிட முடியாது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மலாயில் ஆசிரியரை 'சிக்கு' என்று கூப்பிடுவார்கள். நமக்குச் சிக்கு என்றால் முடியில் விழுவது, நூலில் விழுவது. இந்தச் சிக்குவோ சிக்கெடுப்பதில் கெட்டிக்காரர். கரையில் ஒதுங்கும் அறுந்த வலைகளில் மாட்டியதையெல்லாம் உயிரோடு எடுப்பது அவர் பொறுப்பு.

ஒரு நாள் விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பாறை இடுக்கில் சுருண்டு கிடந்த நைலான் வலை ஒன்றைப் பார்த்தோம். உள்ளே ஒரு குதிரைலாட நண்டு. கவிழ்த்துப் போட்ட வாணலி மாதிரி ஓடு, பின்னால் நீண்ட வால். ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று சுற்று நூல். நான் வலையைப் பிடித்து இழுக்கப் போனேன். சிக்கு என் கையைத் தட்டிவிட்டார். சின்ன நகக் கத்தரியை எடுத்து, காலுக்கும் நூலுக்கும் நடுவே நுழைத்து, ஒரு கண்ணி வெட்டினார். கொஞ்சம் பொறுத்து அடுத்த கண்ணி. நூலை இழுத்தால் கால் கழன்று வந்துவிடும். வாலைப் பிடித்துத் தூக்கினாலும் அதற்குக் காயம், ஓட்டின் இரு ஓரத்தையும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆயிற்று. தண்ணீர் ஓரத்தில் விட்டதும் அது ஓடவில்லை. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி கிடந்துவிட்டு, சேற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாக இறங்கியது.

அடுத்த கண்ணியில் இருங்கெளுத்தி. "இது நான் எடுக்கிறேன், எங்க ஊர் மீன்" என்றேன். அப்பா எப்போதும் முதலில் முள்ளை ஒடித்துவிட்டுத்தான் மீனைத் தொடுவார், அதை ஆயிரம் தடவை பார்த்தவன் நான். ஆனால் மீனை உயிரோடு விட வேண்டுமே, ஒடிக்க முடியாதே என்று யோசித்த அரை நொடியில் முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. வலி தோள்பட்டை வரை வந்தது. சிக்கு மைலோ கலக்க வைத்திருந்த ஃபிளாஸ்க் வெந்நீரைக் குவளையில் ஊற்றி, இன்னொரு கையால் சூடு பார்க்கச் சொல்லி, விரலை முக்கவைத்தார். மீன் முள் விஷத்துக்கு முதலுதவி அதுதான், தோல் வெந்துபோகாமல் பொறுக்கிற அளவு சூட்டில், அரை மணிக்கு மேல். பிறகு மருத்துவர். அன்றிலிருந்து என் பையில் கத்தரியும் தடித்த கையுறையும் இருக்கின்றன. குடிக்காவிட்டாலும் வெந்நீர் இருக்கும்.

வலை என்றாலே வில்லன் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நான் வலையில் வந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன். ஆள் இருக்கிற வலையை நாங்கள் தொடுவதில்லை. சட்டத்துக்குப் புறம்பாகப் பட்டால் இடம், நேரம் குறித்துச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வோம். அறுந்து ஒதுங்கியதை மட்டுமே வெட்டுவோம், நீளமும் உள்ளே இருந்த உயிர்களின் எண்ணிக்கையும் எழுதிக்கொள்வோம்.

இந்த எழுதிக்கொள்ளும் பழக்கம் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா இருக்கிறது. மணல், பாறை, கடற்புல், பவளச் சிதைவு, சதுப்புநிலம், கரையோரக் காடு எல்லாம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 2001-இல் அதை மண்ணிட்டு நிரப்பத் திட்டம் இருந்தது. தாவரவியல் அறிந்த ஜோசப் லாயின் கண்ணில் அந்த இடம் பட, அங்கிருந்து பேச்சுப் பரவி, ஆர்வலர்கள் இறக்கம் பார்த்துப் போய் என்னென்ன இருக்கிறது என்று கயிறு கட்டி எண்ணினார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். 2002 ஜனவரியில் நிரப்பும் வேலையைத் தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. கைவிட்டுவிட்டதாகச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள், உபினில் பழையவர்கள் யாரும் அந்தச் சொல்லை மறக்கவில்லை.

2006 கடைசியில் ஜொகூரில் பெருமழை, வெள்ளம். நல்ல தண்ணீர் ஆற்றோடு நீரிணையில் பாய்ந்து உப்பின் அளவு விழுந்ததும் செக் ஜாவாவில் பூ மாதிரி இருக்கும் கடல் உயிர்களான கடற்சாமந்திகள் வெளுத்தன, ஏராளமான உயிர்கள் செத்து ஒதுங்கின. எதற்கும் காவல் போடலாம், பக்கத்து நாட்டு மழைக்குக் காவல் போட முடியுமா? அதற்கு முன்பே எண்ணி வைத்திருந்ததால்தான் எது போயிற்று, எது திரும்பி வந்தது என்று பின்னால் சொல்ல முடிந்தது. நான் அப்போது இங்கே இல்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஊரிலிருந்து தம்பி போனில், "காடே கருகி நிக்குதுண்ணே" என்றான். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கேட்டேன். "எல்லாந்தான்" என்றான். 'எல்லாந்தான்' என்பதை எந்தக் காகிதத்திலும் எழுத முடியாது.

இப்போது என் பெரிய தப்பு. 2017-இல் அலுவலக நண்பர்கள் நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு போய்ச் சதுப்புநிலத்துக்குள் குப்பை பொறுக்கினோம். தீவின் வடகரையில் மிதவைப் பீப்பாய், தெர்மாகோல், கயிறு என்று நீரிணையில் மிதக்கிற எல்லாம் வந்து சேரும். கறுப்புப் பைகளை மலையாகக் குவித்தோம். அடுத்த மாதம் போனபோது சிக்கு ஒன்றும் பேசாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மரத்தடியில் பென்சில் நட்ட மாதிரி நிற்கும் மூச்சு வேர்கள் மாட்டுவண்டித் தடம் போல இரண்டு வரிசையில் நசுங்கிக் கிடந்தன. முளைகள் சேற்றுக்குள் மிதிபட்டுப் போயிருந்தன. குப்பை மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஆள் சேர்ப்பதைக் குறைத்துவிட்டேன். சதுப்புநிலத்துக்குள் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் போன தடத்திலேயே மற்றவரும் போக வேண்டும். பெருங்கூட்டம் வந்தால் மணற்கரையை ஒதுக்கிக் கொடுங்கள், அங்கே நாற்பது பேரும் வேலை செய்யலாம். தெர்மாகோல் முதலில், நொறுங்கிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. பாதி புதைந்து, மேலே சிப்பி ஒட்டி, கீழே நண்டு குடியிருக்கும் டயரைப் பிடுங்க வேண்டாம். இலைக்குப்பை, கரை ஒதுங்கிய கடற்புல், காய்ந்த கட்டை எதுவும் குப்பை அல்ல. வீட்டு வாசல் மாதிரி பெருக்கி வைக்கிறவர்களைத் தடுப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. இன்னொன்று, நிரப்பிய பைகளை யார், எந்தப் படகில், எங்கே கொண்டுபோவார்கள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பெரிய ஏற்றத்தில் எல்லாம் மறுபடி கடலுக்குத்தான் போகும். சிங்கப்பூரில் பாதையை விட்டு இறங்க அனுமதி வாங்க வேண்டும். அது அலுப்பு என்று எனக்கும் முதலில் தோன்றியது, என் நாற்பது பேரைப் பார்த்த பிறகு தோன்றவில்லை.

வார இறுதியைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பெரிய இறக்கம் என்பது கடலோரத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வருடத்தின் நடுவில் நல்ல இறக்கம் விடிவதற்கு முன்னால் வரும், வருடக் கடைசியில் மாலையில் வரும். கடைசி இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கி, தண்ணீர் திரும்பியதும் ஏறிவிட வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு சட்டம் எண்ணிடுவோம்' என்று நின்று, திரும்பும் வழியில் மார்பளவுத் தண்ணீரில் காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சேற்றில் கால் மாட்டினால் நேராக இழுத்தால் பூட்ஸ் மட்டும் உள்ளே தங்கிவிடும். குதிகாலை முதலில் அசைத்துக் காற்று உள்ளே போக விட்டு, முழங்காலை முன்னால் மடித்து எடுக்க வேண்டும். என் இடது பூட்ஸ் ஒன்று இன்னும் அந்தக் குளத்தில்தான் இருக்கிறது. அதை நான் குப்பைக் கணக்கில் எழுதியும் இருக்கிறேன்.

சிங்கப்பூர் நிலத்தில் ஒரு காலத்தில் 13 விழுக்காடு சதுப்புநிலக் காடாக இருந்தது என்பார்கள். இப்போது ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான். ஆனாலும் இடம் கொடுத்தால் வருவது வருகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரில் அற்றுப்போனதாகக் கருதிய இருவாச்சிப் பறவை 1994-இல் இந்தத் தீவில் ஜோடியாகத் தென்பட்டது. பொந்துள்ள பெரிய மரங்கள் போதவில்லை என்று பிறகு கூட்டுப் பெட்டி வைத்தார்கள். இன்று படகுத்துறையில் இறங்கினாலே தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறக்கிறது, சுற்றுலாக்காரர்கள் சைக்கிளை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிறார்கள்.

குளத்துக்குள் இன்னும் அப்படியொன்றும் நடந்துவிடவில்லை. உடைந்த கரையின் ஓரத்தில் மண் சரிந்து மேடு தட்டிய இடம் ஒன்று இருக்கிறது, ஒரு பாய் விரிக்கிற அகலம். அங்கே முதன்முதலாக ஒரு முளையைப் பார்த்தோம், இரண்டு கொழுத்த இலை, கட்டைவிரல் உயரம். மலாயில் அப்பி-அப்பி, எங்கள் அலையாத்திக்குப் பங்காளி. யாரும் நடவில்லை. என் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், பக்கத்தில் இன்னொன்றை நட்டால் அதற்குத் துணையாக இருக்குமே என்றாள். சிக்கு அவளிடம் பென்சிலைக் கொடுத்து எண்ணச் சொன்னார்.

ஒன்று பலவானது. போன மாதம் அந்த மேட்டில் 11 முளைகள். இந்த மாதம் அவள் எண்ணியது 9. சிக்கு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மறுபடி எண்ணச் சொன்னார். 9தான். எழுதிக்கொண்டோம்.